கணக்கப்பிள்ளை தின்னாத கருவாடு

சாய்ந்தமருது கருவாட்டு முதலாளி முபாறக், பாண்டிருப்பு மீனவர் வல்லிபுரத்துக்கு எழுபத்தியிரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். அறுபது கிலோ கட்டா மீன் கருவாடு, கிலோ ஆயிரத்து இருநூறு. ஒரு சதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊரில் யாரிடமும் கடன் சொல்லாத மனிதர் என்று பெயரெடுத்தவர் அவர். அப்படிப்பட்டவர் இந்த ஒரு கடனை நாலு மாதம் இல்லை என்று சாதித்தார்.

முபாறக் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம் காட்டியவர். பன்னிரண்டு வயதில் இரவல் சைக்கிளில் மீன் பெட்டி கட்டி, வயல்வெளிக் கிராமங்களுக்கெல்லாம் மிதித்து மிதித்து விற்றவர். சுனாமி வந்து கடையையும் சரக்கையும் அள்ளிக்கொண்டு போனபோது உடுத்த சாரத்தோடு நின்றார். அந்தச் சாரத்தோடு தொடங்கித்தான் பிறகு மாடிவீடு கட்டினார், லொறி வாங்கினார், கருவாட்டுக் கொட்டகைகள் வரிசையாக நிற்கும் ஒழுங்கையில் முதலாவது வாடி தன்னுடையது என்று சொல்ல வைத்தார். படித்த மாப்பிள்ளைமார் இருவர் அவரிடம் கைமாற்றுக்கு வந்து நிற்பார்கள். இதெல்லாம் வெறும் புளுகு இல்லை, ஊருக்கே தெரியும்.

எல்லாம் மூக்கினால் வந்தது. கருவாட்டைக் கையில் எடுத்து ஒரு தரம் முகர்ந்தால் போதும். எந்தக் கடற்கரையில் காய்ந்தது, உப்பு எத்தனை நாள் ஊறியது, இடையில் மழைத்தூறல் பட்டதா என்பதெல்லாம் சொல்லிவிடுவார். அவர் ஒதுக்கிய சரக்கை ஒழுங்கையில் வேறு எவரும் தொடுவதில்லை. அப்படி ஒரு வழக்கம் தானாகவே வந்திருந்தது.

மூக்குக்குத் துணையாக ஒரு பூனையும் இருந்தது. செம்மஞ்சள் கடுவன். எலிக்காக வளர்த்ததுதான், ஆனால் நாளடைவில் அதற்கு வேறு வேலை வந்தது. புதுச்சரக்கு வந்தால் முபாறக் ஒரு துணுக்கைப் பிய்த்து அதன் முன்னால் போடுவார். நல்லதென்றால் தின்னும். கெட்டதென்றால் முன்காலால் தரையைச் சுரண்டி மூடுவதுபோலக் காட்டிவிட்டுப் போய்விடும். எட்டு வருடத்தில் ஒரு தரமும் அது பிழை விட்டதில்லை. அதனால் அதற்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். காலையில் வாடிக்கு வந்து, மாலையில் லொறியின் முன்சீற்றில் முதலாளிக்குப் பக்கத்தில் அமர்ந்து வீட்டுக்குப் போகும். வீட்டில் முபாறக் சாப்பிடுகிற அதே கோப்பையின் ஓரத்தில்தான் அதுவும் சோறு தின்னும். பூனை வாய் வைத்தது அசுத்தமில்லை என்று அவருக்கு மார்க்கம் தெரியும். மனைவி கைருன்னிஸா முகம் சுளித்தால், "அவன் என்ட பங்காளி, புள்ள. எனக்கு உழைச்சுத் தாறான்" என்பார்.

ஒழுங்கையில் இன்னொரு வழக்கமும் உண்டு. விலை பேசி முடிந்ததும் சரக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து, விற்றவரின் அடையாளமாக ஒரு துணிநாடா கட்டி, வாடியின் உத்தரத்தில் அடித்த ஆணியில் தொங்கவிடுவார்கள். துண்டு ஆணியில் ஏறினால் சரக்கு வாங்கியதாகக் கணக்கு. காசு கொடுத்து முடிந்த பிறகுதான் துண்டு இறங்கும். சரக்கு கெட்டதென்று பிறகு கண்டால் துண்டைக் கழற்றி, விற்றவர் முன்னாலேயே வீசிவிட வேண்டும். எழுத்துமில்லை, கையெழுத்துமில்லை. ஆணிதான் பத்திரம்.

கொரோனா வந்த முதல் வருடம், மார்கழி மாதம். அக்கரைப்பற்றில் பரவி, நிந்தவூரைத் தொட்டு, கல்முனைக்கும் வந்துவிட்டது என்று கதை. முபாறக்குக்கு நாலு நாளாக உடம்பு காய்ந்தது. கொத்தமல்லி அவித்துக் குடித்துக்கொண்டு வாடிக்குப் போய் வந்தார். நாலாம் நாள் காலை அடுப்பில் பால் பொங்கிக் கருகி, வீடு முழுக்கப் புகை. கைருன்னிஸா ஓடிவந்து பார்த்தால், மனிதர் அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் பேசாமல் இருக்கிறார்.

"இஞ்ச பாருங்க, மணம் வரல்லயா உங்களுக்கு?"

"வந்திச்சு. எழும்பப் பஞ்சியா இரிந்திச்சு."

வரவில்லை. பால் மணமும் வரவில்லை, சவர்க்கார மணமும் வரவில்லை. கிணற்றடியில் யாரும் பார்க்காமல் வெங்காயத்தைக் கசக்கி மூக்கில் வைத்துப் பார்த்தார். கல்லை முகர்ந்ததுபோல இருந்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று வானொலியில் நாளுக்குப் பத்துத் தரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொன்னால் சுகாதாரப் பரிசோதகர் வருவார், வாடிக்கு முத்திரை விழும். அதுகூடப் பரவாயில்லை. அந்த நாட்களில் இந்த நோயில் மௌத்தானவர்களை அடக்க விடவில்லை, எரித்தார்கள். பெற்றவர்கள் கதறக் கதற எரித்தார்கள். எத்தனையோ பேர் காய்ச்சலை மறைத்து வீட்டுக்குள் கிடந்தது உயிருக்குப் பயந்து இல்லை, நெருப்புக்குப் பயந்துதான். முபாறக்கும் மறைத்தார். ஆனால் நெருப்பைவிடப் பெரிய பயம் ஒன்று அவருக்கு இருந்தது. மூக்குப் போன முபாறக்கை ஒழுங்கையில் எவன் மதிப்பான்?

அடுத்த நாள்தான் வல்லிபுரம் ஓட்டோவில் இரண்டு சாக்குகளோடு வந்து இறங்கினார். இருபது வருடப் பழக்கம், அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார். சுனாமிக்குப் பிறகு முபாறக் வெறுங்கையோடு நின்றபோது, "விற்றுப்போட்டுத் தாங்க காக்கா" என்று முதல் நாலு சாக்கை நம்பிக் கொடுத்தவர் இதே வல்லிபுரம்.

"பாருங்க காக்கா. ஐப்பசி வெயில்ல காய்ஞ்ச கட்டா. வாடை மழைக்கு முந்தி எடுத்து உள்ள வச்சிட்டன். ஒரு சொட்டு மழை படல்ல."

"இந்த நேரத்தில கட்டாவா? பொன்னெல்லோ கொண்டு வந்திரிக்காய். விலையைச் சொல்லு."

"உங்களுக்குத் தெரியாத விலையா. ஆயிரத்தி இருநூறு போட்டுத் தாங்க. வள்ளத்து எஞ்சினை அடகு வச்சிருக்கன். தை பிறந்து கடல் அடங்க முதல் மீட்டுப் போடணும்."

முபாறக் தலையாட்டினார். ஒரு துண்டை எடுத்து, சிவப்பு நாடா கட்டி, ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகுதான் வழக்கப்படி இன்னொன்றைக் கையிலெடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

ஒன்றுமில்லை.

பெருவிரலால் சதையை அழுத்தினார். செவுள் பக்கம் பிளந்து மறுபடி மூக்கில் வைத்தார். ஒன்றுமில்லை. பக்கத்து வாடி ஸப்ரியும் இன்னும் இரண்டு வியாபாரிகளும் வழமைபோல அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு முபாறக் கூப்பிட்டார்.

"கணக்கப்பிள்ளை, வா ராசா."

பூனை சாக்குக்கட்டின் மேல் சுருண்டு கிடந்தது. மெதுவாக இறங்கி வந்தது. கண்ணில் பீளை, மூக்கில் ஈரம். காலையிலிருந்தே அது இரண்டு மூன்று தரம் தும்மியதை முபாறக் கண்டிருந்தார், மழைக் குளிர் என்று விட்டுவிட்டார். பூனை துணுக்குக்குக் கிட்ட வந்து நின்றது. முகரவில்லை. தரையைச் சுரண்டவும் இல்லை. ஒரு தும்மல் தும்மிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சாக்கின் மேலேறிப் படுத்துவிட்டது.

"கணக்கப்பிள்ளை வேணாங்கிறான்" என்றார் முபாறக்.

வல்லிபுரம் சிரித்தார். "அவருக்கு வயிறு நிரம்பியிருக்கும் காக்கா. நீங்க மோந்து சொல்லுங்க."

"மோந்துட்டன்."

"மோந்துட்டு?"

"உள்ளுக்குள்ள ஊசிப்போய்க் கிடக்கு வல்லிபுரம்."

சிரிப்பு நின்றது. வல்லிபுரம் குனிந்து ஒரு கருவாட்டை எடுத்துத் தானே முகர்ந்தார். ஸப்ரியிடம் நீட்டினார். ஸப்ரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்கென்னத்துக்கு? காக்காட மூக்குச் சொன்னா முடிஞ்சிது."

"காக்கா, என்ட முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. இது ஊசல் சாமானா? நான் உங்களுக்கு ஊசல் சாமான் கொண்டாறவனா?"

முபாறக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஐம்பது வருசமா இந்த மூக்கு எனக்குச் சோறு போடுது. நீ எனக்குக் கருவாடு படிப்பிக்காத. எடுத்துட்டுப் போ."

வல்லிபுரம் சாக்கின் வாயைக் கட்டினார். நிமிர்ந்தபோது, "சரி முதலாளி" என்றார். இருபது வருடத்தில் அன்றுதான் முதல் தரம் அந்த வாயிலிருந்து முதலாளி என்ற சொல் வந்தது.

ஒழுங்கையில் ஏழு வாடிக்கும் ஏறி இறங்கினார். ஒருவரும் சாக்கின் வாயைக்கூட அவிழ்க்கவில்லை. ஒருவன் மட்டும், "பூனை தின்னாததை மனிசனுக்கு விக்கப் பார்க்கிறியா அண்ணே" என்று பகிடி விட்டான். ஓட்டோவைத் திருப்பி அனுப்பியிருந்ததால், கடைசி வாடியின் தாழ்வாரத்தில் சாக்குகளை வைத்துவிட்டு, நாளைக்கு வந்து எடுக்கிறேன் என்று வல்லிபுரம் நடந்து போனார். அந்தப் பின்னேரமே, நோய் பரவுகிறதென்று ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மரக்குற்றி போட்டு அடைத்துவிட்டார்கள். மூன்று கிழமை. வாடைமழை தாழ்வாரத்துக்குள் சரிந்து அடித்தது. சாக்குகள் ஊறி, புழுத்து, கடைசியில் மாநகரசபை ஆட்கள் வந்து குழி தோண்டிப் புதைத்தார்கள். அப்போது அது உண்மையாகவே நாறியது. கண்டவர்கள் எல்லாம், முபாறக் காக்கா அன்றைக்கே சொன்னாரே என்றார்கள்.

ஆனால் அந்தப் பேச்சைக் கேட்க முபாறக் அங்கே இருக்கவில்லை. ஒழுங்கை வியாபாரிகள் எல்லாருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் அவர் பிடிபட்டார். பேர்போன மூக்குக்குள் கடைசியில் போனது ஒரு பஞ்சுக்குச்சி. ஒரு பள்ளிக்கூடத்தைச் சிகிச்சை நிலையமாக்கியிருந்தார்கள், அங்கே பதினான்கு நாள் கிடந்தார். மூன்றாம் வகுப்போடு விட்ட பள்ளிக்கூடம், வகுப்பறை வாங்கில் படுக்க வைத்துப் பழி வாங்கியது. கைருன்னிஸாவுக்கு லேசான காய்ச்சலோடு போயிற்று. பூனை வீட்டில் ஐந்தாறு நாள் சோறு தண்ணி இல்லாமல் மூலையில் கிடந்து, பிறகு தானாகவே எழும்பிப் பால் குடித்தது.

அவர் வீடு திரும்பிய கையோடு ஒரு மிருக வைத்தியர் வந்தார். உசாந்தினி என்ற பிள்ளை, ஆலையடிவேம்பு ஊர். தொற்று வந்த வீடுகளில் வளர்க்கும் பூனைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறதாகச் சொல்லி, கணக்கப்பிள்ளையைத் துவாயில் சுற்றி இரத்தம் எடுத்துப் போனது. பங்குனி மாதம் முடிவோடு திரும்பி வந்தது. கைருன்னிஸா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார்.

"உங்கட பூனைக்கும் கொரோனா வந்து சுகமாகியிருக்கு ஐயா. இரத்தத்தில அடையாளம் இருக்கு."

"அப்ப இவன்தானே எனக்குக் குடுத்திரிக்கான்!" என்று முபாறக் முன்னுக்கு நகர்ந்தார்.

"இல்ல ஐயா. உங்களுக்குக் காய்ச்சல் தொடங்கினது எப்ப? பூனை தும்மினது எப்ப?"

கைருன்னிஸா சொன்னார். "இவருக்குக் காய்ச்சல் வந்து அஞ்சாம் நாள்தான் பூனை தும்மிச்சு. ஒரே கோப்பையில தின்டா வராம என்ன செய்யும்?"

"ஓம். அப்பிடித்தான் வாறது. வீட்டுப் பூனைக்கு மனிசர்ட்ட இருந்துதான் தொத்துறது. ஒரு பூனை மற்றப் பூனைக்குக் குடுக்கும். மனிசருக்குத் திருப்பிக் குடுக்கிறது மெத்த அரிது. வருத்தம் வந்தா ஆளைப் போலதான், மூக்கடைச்சு, சாப்பாடு பிடிக்காமக் கிடக்கும். அடுத்த தரம் உங்களுக்குச் சுகமில்லாட்டி அதை மடியில வைக்காதீங்க, அவ்வளவுதான். அதை ஒண்டும் செஞ்சிராதீங்க."

சாப்பாடு பிடிக்காமல் கிடக்கும் என்ற சொல்லில் கைருன்னிஸா புருசனைப் பார்த்தார். சாக்குகளின் கதை அவருக்கும் தெரியும். முபாறக் தேத்தண்ணிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அதோடு அவர் வாயை மூடியிருந்தால் ஒரு பாவத்தோடு போயிருக்கும். அடுத்த நாள் வாடியில் ஸப்ரி, "மிருக டாக்டர் வந்தாமே காக்கா, என்னவாம்?" என்று கேட்டான். எங்கேயிருந்து தொற்றியது என்று ஊர் மூன்று மாதமாகக் கிண்டிக்கொண்டிருந்த கேள்வி அது. காய்ச்சலோடு வாடிக்கு வந்து எல்லாருக்கும் பரப்பியவர் என்ற பேச்சும் இருந்தது.

"பூனைக்காம் வந்திரிக்கி" என்றார் முபாறக். "பூனையாலதான் எனக்கு."

மூன்றாம் நாள் கணக்கப்பிள்ளை வாடியின் பின்மதிலுக்குக் கீழே கிடந்தது. வாயில் நுரை. பக்கத்தில் பாதி தின்ற மீன்துண்டு. யார் வைத்தார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் போனால் கதை எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும். கைருன்னிஸா தன் பழைய முந்தானைத் துண்டில் அதைச் சுற்றி, கிணற்றடித் தென்னையின் கீழ் தானே தோண்டிப் புதைத்தார்.

"இந்த வருசம் எத்தனை மனிசருக்கு இல்லாத மண் இதுக்காவது கிடைச்சிச்சு" என்றார்.

மூக்குத் திரும்பி வந்ததும் அந்த மாதம்தான். ஒரு பகல் வாடியில் தனியாக இருந்தபோது, மேலேயிருந்து ஏதோ ஒரு மணம் இறங்கி வந்தது. இலேசாக உப்பு, வெயில், பனையோலைப் பாய். அண்ணாந்து பார்த்தார். உத்தரத்து ஆணியில் சிவப்பு நாடா ஆடியது.

அன்றைய பதற்றத்தில் அவர் அந்தத் துண்டைக் கழற்றி வீச மறந்திருந்தார். ஏணி வைத்து இறக்கினார். மூன்று மாத வாடைமழை தாண்டியும் பூஞ்சணம் இல்லை, புழு இல்லை. முகர்ந்தார். ஐப்பசி வெயில். ஒரு சொட்டு மழை படாத கட்டா. அவர் வாழ்நாளில் முகர்ந்த நல்ல கருவாடுகளில் ஒன்று அது. முபாறக் அதைத் திரும்ப ஆணியிலேயே மாட்டினார். வீசுவதற்குக் கை வரவில்லை. காசு கொடுக்கவும் மனம் வரவில்லை. கொடுத்தால் ஏன் கொடுத்தாய் என்பார்கள்.

நோன்பு வந்தது. முதல் நோன்பு துறக்கும்போது கைருன்னிஸா கஞ்சிக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார். "பாண்டிருப்பு அண்ணன் எஞ்சினை மீட்க ஏலாமப் போய், அடகுக்காரன் வித்துப்போட்டானாம். இப்ப மத்தவன்ட வள்ளத்தில கூலிக்குப் போறாராம். கடனோட மௌத்தானா எப்பிடி இரிக்கும் எண்டு நீங்கதான் மத்தவங்களுக்குச் சொல்லுவீங்க."

"எனக்கு ஆர்ட்டயும் கடன் இல்ல."

"ஆணியில தொங்குதே, அது ஆர்ட கடன்? நான் வாடிக்கு வந்து பார்த்தனான்."

முபாறக் கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

மறுநாள் காலை முபாறக் காசை உறையில் போட்டுக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனார். வல்லிபுரத்தின் மனைவி அன்னப்பிள்ளை படலையைத் திறக்காமலே நின்றார்.

"ஆர் முதலாளியா? இஞ்ச ஊசல் சாமான் ஒண்டும் இல்ல."

"வல்லிபுரத்தைக் கூப்பிடு தங்கச்சி. காசு கொண்டு வந்தன்."

வல்லிபுரம் வெளியே வந்தார். ஆள் மெலிந்திருந்தார். முபாறக் உறையை நீட்டினார். "எழுபத்திரெண்டு இருக்கு. மேலே இருபத்தெட்டும் வச்சிருக்கன். ஒரு லட்சம். எஞ்சினுக்கு ஆகும்."

வல்லிபுரம் கையை நீட்டவில்லை. "என்னத்துக்கு இந்தக் காசு?"

"நீ கொண்டு வந்த கட்டாவுக்கு."

"அது ஊசிப்போச்செண்டு சொன்னீங்களே முதலாளி."

முபாறக் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "இஞ்ச வச்சு வாங்கிக்க வல்லிபுரம். உனக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும்."

"எனக்கு அண்டைக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரியாதவங்க ஒழுங்கையில இருக்காங்க." வல்லிபுரம் நிதானமாகத்தான் சொன்னார். "நான் இப்ப ஆருக்குக் கருவாடு கொண்டு போனாலும் பூனையைக் கூப்பிடவா எண்டு கேக்கிறான். எங்க வச்சுச் சொன்னீங்களோ அங்க வச்சுத் தாங்க. மிச்ச இருபத்தெட்டை உங்கட வீட்டுக்குக் கொண்டு போங்க. நான் பிச்சைக்குக் கருவாடு காயப் போடல்ல."

அன்னப்பிள்ளை உள்ளேயிருந்து கேட்டார். "அந்தப் பூனை என்ன பிழை செஞ்சதெண்டு கொன்டீங்க?"

முபாறக் உறையோடு திரும்பினார். வழி நெடுக ஒரே கணக்குத்தான். போகாமல் விட்டால் என்ன குறைந்துவிடும்? வாடி இருக்கும், லொறி இருக்கும், பெயரும் இருக்கும். அந்தத் துண்டும் ஆணியில் இருக்கும், தினமும் மணக்கும். மற்றவன் பொய்யையெல்லாம் கண்டுபிடித்த மூக்கு தன் பொய்யையும் முகர்ந்துகொண்டுதான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை, வாடிகளெல்லாம் திறந்து ஆட்கள் நிறைந்த நேரம், முபாறக் சொல்லி அனுப்பியபடி வல்லிபுரம் ஒழுங்கைக்கு வந்து நின்றார். தோளில் பழைய துவாய். முபாறக் ஏணியில் ஏறி, சிவப்பு நாடா கட்டிய துண்டை இறக்கி வந்து, ஸப்ரியின் கையில் கொடுத்தார்.

"மோந்து பார்."

ஸப்ரி முகர்ந்தான். மற்றவர்களிடம் கொடுத்தான். துண்டு கை மாறிப் போய்வந்தது.

"இது மார்கழியில வல்லிபுரம் கொண்டு வந்த சாமான்" என்றார் முபாறக். "நல்ல சாமான். அண்டைக்கு எனக்கு மூக்கு இல்ல. காய்ச்சல். மறைச்சிட்டன். என்ட வருத்தத்தை நான் பூனைக்குக் குடுத்து, அது தின்ன ஏலாம நிண்டதை நான் சாட்சியா எடுத்துட்டன். பூனையால எனக்கு வந்ததெண்டதும் பொய்."

பின்வரிசையில் ஒருவன் குனிந்து செருப்பைச் சரிசெய்தான். மீன் வைத்தவன் அவனாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். "அப்ப காக்காட மூக்கும் தப்பும்" என்று யாரோ மெல்லச் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். ஐம்பது வருடம் கட்டிய பெயர் அந்தச் சிரிப்பில் எவ்வளவு போயிற்று என்று முபாறக்குக்குச் சரியாகத் தெரிந்தது. கணக்கில் அவர் பிழை விடுவதில்லை.

"சொல்லிட்டன் வல்லிபுரம்."

"கேட்டன் முதலாளி."

காக்கா என்று திரும்பவும் சொல்வார் என்று முபாறக் எதிர்பார்த்திருந்தார். சொல்லவில்லை. வல்லிபுரம் வலது கையை விரித்து நீட்டினார். வலை இழுத்துக் காய்த்த உள்ளங்கை, குறுக்கே மற்றவன் வள்ளத்தின் கயிறு அறுத்த புதுக்காயம். முபாறக் உறையைப் பிரித்து, இருபத்தெட்டை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு ஒழுங்கை முழுக்கப் பார்த்திருக்க, ஆயிரம் ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி, அந்தக் கையில் வைத்தார். எழுபத்தியொன்று. எழுபத்தியிரண்டு.